அந்தப் பொண்ணு வந்து கழட்டும்

காப்பில சக்கர பத்தலன்னா சொல்லுங்க சார். எங்க ஊட்ல எல்லாருக்கும் தூக்கலா இருந்தாதான் புடிக்கும், வெளியாளுக்கு எப்படிப் போடறதுன்னு எனக்குப் புடிபடறதில்ல. வடிவு இருந்திருந்தா கரெக்டா போட்டிருப்பா. வடிவு என் சம்சாரம். பொண்ண ஸ்கூல்ல உட்டுட்டு அப்படியே காய்கறி வாங்கினு வருவா. கொஞ்சம் நேரமாவும். நிதானமாவே பேசலாம்.

நீங்க அந்த ஏரோப்ளேன் விஷயமா விசாரிக்க வந்திருக்கீங்க. மழைல எறங்கி, ரன்வே முடிஞ்சும் நிக்காம ஓடி, அந்தாண்ட சேத்துல போய் உழுந்துச்சே, அதுல பொழச்சவங்கள்ல நானும் ஒருத்தன். பிரேக்கு, மழ, பைலட்டு எல்லாம் கேட்டீங்க, தெரிஞ்சத சொன்னேன். எழுந்திரிக்கும்போது ரெண்டு கேள்வி கேட்டீங்க. என் பக்கத்து சீட்டுல செத்துப் போன லோகநாதன் இடுப்புல பெல்ட்டு பூட்டினது பூட்டினபடியே இருந்துச்சாமே, கெட்டுப்போன பெல்ட்டான்னு கேட்டீங்க. அப்புறம் செவுத்துல இருக்கற போட்டோவ பாத்து, இந்தப் பொண்ணு உங்களுக்கு இன்னா ஆவணும்னு கேட்டீங்க. ரெண்டும் ஒரே கேள்விதான் சார். உக்காருங்க, சொல்றேன்.

பெல்ட்டு நல்லாத்தான் இருந்துச்சு.

லோகநாதன் எனக்கு மாப்ள. என் கூடப்பொறந்த தங்கச்சி வசந்தகுமாரியோட புருசன். எங்களுக்கு சொந்த ஊரு ஆவடிகிட்ட பருத்திப்பட்டு, ஏரிய ஒட்டினாப்ல ஊடு, கொஞ்சம் நெலம். அவனுக்கு வேப்பம்பட்டு. நல்ல பையன் சார். அத இப்பவே சொல்லிடறேன், பின்னால சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. குடி கெடையாது, பீடி கெடையாது. யார் இன்னா சொன்னாலும் நம்புவான், அது ஒண்ணுதான் கொற. மாப்ளைய மச்சான்காரன் கிண்டல் பண்றது எங்க பக்கத்துல மொற. கல்யாணம் ஆயி மொத விருந்துக்கு வந்தப்ப, எங்க ஊர்ல புது மாப்ள ஏரித் தண்ணிய கையால அள்ளிக் குடிச்சுட்டுதான் பந்தில உக்காரணும்னு சும்மா ஒரு தமாஷுக்கு சொன்னேன். போய்க் குடிச்சுட்டு வந்துட்டான். ஊரே சிரிச்சுது. விஷயம் தெரிஞ்சதும் அவனும் சேந்துதான் சிரிச்சான். அவன்மேல யாருக்கும் கோவம் வராது. எனக்கும் வந்ததில்ல, இன்னி வரைக்கும்.

வசந்தா பிரசவத்துல போய்ட்டா. பொம்பளப் புள்ள தங்குச்சு. வசந்தாவ எடுத்த அன்னிக்கு, லோகநாதன் கொழந்தைய துணியோட தூக்கினு வந்து வடிவு மடில போட்டான். "நீங்களே வெச்சுக்கோங்க மச்சான், என்னால முடியாது"ன்னான். வெச்சுக்கோங்கன்னுதான் சொன்னான் சார். கொஞ்ச நாளைக்குன்னு சொல்லல. அப்புறம் பம்பாய் போய் ஒரு மருந்துக் கம்பெனில வேலைக்கு சேந்துகினான். எங்களுக்குப் புள்ள இல்ல. வடிவுக்கு நிக்கவே மாட்டேன்னுடுச்சு. கோயில் குளம், ஆஸ்பத்திரின்னு அலையாத எடமில்ல. அப்படி இருந்த மடில ஒரு பச்சப் புள்ள வந்து உழுந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

பூங்காவனம்னு பேரு வெச்சேன். பூங்கான்னு கூப்பிடுவோம். எங்க பக்கத்துல அப்பாவ நைனான்னுதான் கூப்பிடறது. பேச்சு வந்தப்ப மொத மொதல்ல அந்தப் புள்ள என் மூஞ்சியப் பாத்து "நைனா"ன்னுச்சு. நான் பட்டறைல வெல்டிங் வெக்கறவன், கண்ணுல தண்ணி வந்தா வெளிச்சத்துனாலன்னு சொல்லிக்குவேன். அன்னிக்கு அப்படி எதுவும் சொல்லல. ஒக்காந்து அழுதேன்.

அந்தச் சொல்லுல ஒரு சிக்கல் இருந்துச்சு. நான் நெஜத்துல அவளுக்குத் தாய்மாமன். மொறப்படி என்ன மாமான்னுதான் கூப்பிடணும். ஆனா நான் நைனாவாயிட்டா, என் தங்கச்சி புருசன் அவளுக்கு மாமாவாயிடறான். பாத்தீங்களா, ரெண்டே சொல்லு, ஆள மாத்தி உக்காந்துகிச்சு. லோகநாதன் லீவுல வரும்போதெல்லாம் அவ "பம்பாய் மாமா"ன்னு ஓடுவா. அவன் அதத் திருத்த மாட்டான். பொம்ம குடுப்பான், சொக்கா குடுப்பான், தலைய தடவிட்டுப் போய்டுவான்.

காது குத்தறப்ப தாய்மாமன் மடில உக்கார வெக்கணும். உரிமையா என் மடி. ஊர்ப் பொம்பளைங்களும் அதையேதான் சொன்னாங்க. நான் ஒத்துக்கல. வடிவோட தம்பி சம்பத்த வரவெச்சு அவன் மடில உக்கார வெச்சேன். நான் கையக் கட்டிகினு தள்ளி நின்னேன், அப்பன் நிக்கிற மாதிரி. புள்ள வளந்து ஸ்கூல் போற நேரம் வந்துச்சு. பருத்திப்பட்டுல இருந்தா எவளாவது வாயத் தொறந்து, உன்னப் பெத்தவ செத்துட்டாடின்னு சொல்லிடுவா. அதுக்காவவே நெலம், ஊடு எல்லாத்தையும் உட்டுட்டு இங்க குமணன்சாவடில வாடகைக்கு வந்துட்டோம். அம்பத்தூர்ல வேல செய்யறவன் ஏன்யா அங்க போய்க் குடியிருக்கறேன்னு கேப்பாங்க. காத்து நல்லா வருதுன்னு சொல்லுவேன். லாரிப் பொகைல காத்து எங்க வருது.

இப்படியே போயிருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது. போன ஐப்பசில எதுத்த தெரு எஸ்டிடி பூத்துக்கு லோகநாதன் போன் பண்ணான். "மச்சான், இங்க கல்யாண் ஸ்டேஷன் பக்கத்துல ஊடு புடிச்சுட்டேன். ஒரு டீச்சரம்மாவ ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிகினேன். பூங்காவப் பத்தி எல்லாம் சொல்லிட்டேன். புள்ளைய கூட்டினு வாங்க, நான் பாத்துக்கறேன்னு அதுதான் நச்சரிக்குது"ன்னான். எம்மாம் சந்தோசம் அவன் குரல்ல. செவுத்தப் புடிச்சுகினு, செரி மாப்ளன்னேன்.

வடிவு அன்னிக்கு சோறு பொங்கல. "பெத்தவன் கேக்கறான், இன்னா சொல்ல முடியும்"னு மட்டும் சொன்னா. நான் ரயிலேறி பம்பாய் போனேன். அவன் கால்ல உழுந்தாவது கேக்கணும்னுதான் போனேன். வேணா நீயும் வந்து எங்ககூட இரு, ஆனா அந்த ஒரு சொல்ல மட்டும் என்கிட்டருந்து புடுங்காதேன்னு கேக்கணும். தாதர்ல எறங்கினதும் அவன் ஓடி வந்து கட்டிப் புடிச்சுகினான். "என்ன கூட்டினு போறதுக்கா இம்மாம் தூரம் வந்தே மச்சான்"னு கேட்டான். ஆமா மாப்ளன்னுட்டேன். அந்த டீச்சரம்மா எனக்கு சாப்பாடு போட்டாங்க. புள்ளைக்கு இன்னா புடிக்கும்னு கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுகினாங்க. நான் எல்லாம் சொன்னேன். முட்டைல மஞ்சக்கரு மட்டும் திங்கும்னு சொன்னேன். கெட்டவங்களா இருந்திருந்தா எனக்கு வேல சுலுவாயிருக்கும்.

திரும்பி வர்றதுக்கு ஏரோப்ளேன் டிக்கெட்டு அவன்தான் எடுத்தான். ஏரிக்கரைல உக்காந்து மேல போற ப்ளேனப் பாத்துகினு, ஒன்ன ஒரு நாளு இதுல கூட்டினு போறேன்னு வசந்தாகிட்ட சொன்னானாம். அவ போய்ச் சேந்துட்டா, புள்ளையாவது கூட்டினு போறேன்னான். "திரும்பிப் போவ சொல்லோ பூங்காகூட நான் போவணும். அதும் முன்னாடி திருதிருன்னு முழிக்கக் கூடாது பாரு. நீ மஸ்கட்டெல்லாம் போய் வந்தவன். எல்லாத்தையும் எனக்கு ஒரு வாட்டி கத்துக் குடுத்துடு மச்சான்"னான்.

கத்துக் குடுத்தேன் சார். ஜன்னல் சீட்ட அவனுக்குக் குடுத்தேன். பெல்ட்ட நானே பூட்டி உட்டேன். அது மேல இருக்கற மூடிய தூக்கினா கழண்டுக்கும், அம்மாம்தான், கொழந்தகூட கழட்டும். அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு முன்னால நின்னு அதத்தான் காட்டிகினு இருந்துச்சு. இவன் ஜன்னல்ல மூக்க வெச்சுகினு கீழ லாரி போறத வேடிக்க பாத்துகினு இருந்தான். அப்புறமா திரும்பி, "இத எப்படி மச்சான் கழட்றது?"ன்னு கேட்டான்.

"நீ கழட்டக் கூடாது மாப்ள. அந்தப் பொண்ணு வந்து கழட்டும். நாமளா கை வெச்சா மேல மணியடிச்சுடும், எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க"ன்னேன்.

தமாஷுதான். ஏரித் தண்ணி மாதிரி. எறங்கினதும் சொல்லி சிரிக்கலாம்னு இருந்தேன். நெஜமாவே அப்படித்தான் நெனச்சேன், இத நீங்க நம்பணும். அவன் அப்படியே நம்பிட்டு, ஒண்ணுக்குக்கூட எழுந்திரிக்காம அடக்கிகினு வந்தான். "அந்தப் பொண்ணுக்கு எம்மாம் பேருக்குக் கழட்டற வேல பாரு, பாவம்"னான்.

பாதி தூரத்துல நான் கேட்டுட்டேன். "மாப்ள, புள்ளகிட்ட இப்ப சொல்லாத. பெரியவளாவட்டும்"னேன். என் குரல் எனக்கே அசிங்கமா இருந்துச்சு. பிச்சக்காரன் குரலு.

அவன் என் கையப் புடிச்சுகினான். "ஒன் மனசு எனக்குத் தெரியாதா மச்சான். நீ இல்லாங்காட்டி அது உயிரோடவே இருந்திருக்காது. ஆனா எம்மாம் நாளு சொல்லாம இருக்கறது? வடிவு அத்தகிட்ட சொல்லி புள்ளைய ஏர்போர்ட்டுக்கே கூட்டினு வரச் சொல்லிகீறேன். எறங்கினதும் அங்கியே சொல்லிடறேன். இனிமே அது என்ன நைனான்னு கூப்பிடட்டும். உன்ன மாமான்னு கூப்பிடட்டும். அதானே மொற?"

அதுதான் மொற. நான் எதுத்துப் பேசறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. சாப்பாட்டுத் தட்டு வந்துச்சு, அவன் லட்டு மாதிரி எதையோ புள்ளைக்குன்னு காயிதத்துல சுத்தி சொக்கா பைல போட்டுகினான். அவன் சொன்னதுல எனக்கு ஒரே ஒரு வார்த்ததான் காதுல நின்னுச்சு. எறங்கினதும்.

மழ. கீழ ஒண்ணுமே தெரியல. சக்கரம் தரைய ரொம்ப லேட்டாதான் தொட்டுச்சு, அத மின்னியே சொல்லிட்டேன் உங்ககிட்ட. தொட்டதுக்கு அப்புறம் ஓடுது, ஓடிகினே இருக்குது. ஜன்னல்ல ஏர்போர்ட்டு கட்டடம் வந்துச்சு, பின்னால போய்டுச்சு. "ஏன் மச்சான், நம்ம ஸ்டாப்பிங்க தாண்டிட்டானா?"ன்னு கேட்டான். அப்பதான் மத்தவங்க கத்த ஆரம்பிச்சாங்க. முன் சீட்டு அம்மா முருகா முருகான்னாங்க. பின்னால யாரோ அல்லான்னாங்க. எல்லாரும் நிக்கணும்னு வேண்டிகினாங்க. நான் நிக்கக் கூடாதுன்னு வேண்டிகினேன் சார். நின்னா எறங்கணும். எறங்கினா அவன் சொல்லிடுவான். அந்த ப்ளேன்ல நிக்காதேன்னு வேண்டினவன் நான் ஒருத்தனாதான் இருப்பேன்.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். தரை முடிஞ்சுது, பள்ளத்துல எறங்குச்சு, செவுத்துல இடிச்சு றெக்க ஒடிஞ்சுது. வெளக்கு போச்சு. பின்னாலருந்து பொக வந்துச்சு. ஜனம் ஒருத்தர் மேல ஒருத்தரா கதவுக்கு ஓடுச்சு. என் பெல்ட்ட நான் கழட்டிகினேன். லோகநாதனுக்கு முன் சீட்டுல நெத்தி மோதி கொஞ்சம் ரத்தம். மத்தபடி நல்லாத்தான் இருந்தான், சுதாரிப்பா இருந்தான். நான் எழுந்து போய்ட்டேன்.

ஆஸ்பத்திரில கேட்டப்ப, பொகைல ஒண்ணும் தெரியல, அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு எல்லாரையும் உக்காருங்க உக்காருங்கன்னுச்சு, அதனால அவன் உக்காந்துட்டான்னு சொன்னேன். அது பொய். அந்தப் பொண்ணு தொண்ட கிழிய வெளிய போங்க, வெளிய போங்கன்னுதான் கத்திகினு இருந்துச்சு. என் பேச்சக் கேட்டு அத வேலைய உட்டு நிறுத்தி வெச்சிருக்காங்கன்னு இப்ப நீங்க சொன்னீங்களே, அது எனக்குத் தெரியாது. பாவம். யாரோ பெத்த புள்ள. அதனாலதான் ஒங்கள திரும்ப உக்காரச் சொன்னேன்.

வெளிய சேத்துல உழுந்து எழுந்தப்ப ஒரு தீயணைப்புக்காரரு என் தோளப் புடிச்சு, "உன்கூட வந்தவங்க யாராச்சும் உள்ள கீறாங்களா?"ன்னு கேட்டாரு. அப்ப இன்னும் நேரம் இருந்துச்சு. அந்தப் பக்கம் நெருப்பு வரல, பொகதான். நான் தனியா வந்தேன்னு சொன்னேன். அவரு வேற பக்கம் ஓடிட்டாரு.

பொழச்சவங்களயெல்லாம் ஒரு கூடத்துல உக்கார வெச்சாங்க. வடிவும் பூங்காவும் எப்படியோ அழுது கெஞ்சி உள்ள வந்துட்டாங்க. பூங்கா தூரத்துலருந்தே "நைனா"ன்னு கத்திகினு ஓடியாந்து என் சேத்துச் சட்டையக் கட்டிகிச்சு. எம்மாம் சத்தமா கத்துச்சு தெரியுமா. அங்க இருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு உயிரே திரும்பி வந்தாப்ல இருந்துச்சு.

அப்படிக் கூப்பிட்டது அதான் சார் கடைசி.

மறுநா பொணத்த வேப்பம்பட்டுக்கு எடுத்துனு போனாங்க. நான் பூங்காவ ஊட்ல உட்டுட்டுப் போவலாம்னேன். வடிவு கேக்கல. ஜென்மத்துக்கும் அந்தப் பாவம் நமக்கு வேணாம்னு கூட்டினு வந்துட்டா. அங்க லோகநாதனோட அக்கா எல்லம்மா இருந்தாங்க. வாய்க்கரிசி போடற நேரத்துல, பெத்த புள்ள எங்க, பெத்த புள்ளையக் கூப்பிடுங்கன்னு கூட்டத்துல குரல் வந்துச்சு. நான் இத யோசிக்கவே இல்ல. வருசக் கணக்கா ஊர்ப் பொம்பளைங்க வாய்க்குப் பயந்து ஊர மாத்தினவன், சாவு ஊட்ல பெத்த புள்ளையத் தேடுவாங்கன்னு யோசிக்கல. எல்லம்மா பூங்கா கையப் புடிச்சு இஸ்துனு போய் அரிசியக் குடுத்து, "ஒங்க நைனா வாய்ல போடுடி கண்ணு. இவன்தாண்டி ஒன்னப் பெத்தவன். அதோ நிக்கறாரே, அவரு ஒனக்கு மாமன்"னாங்க.

புள்ள என்னத் திரும்பிப் பாத்துச்சு. நான் இல்லன்னு சொல்லியிருக்கலாம். அம்மாம் ஜனம் முன்னாடி, பொணம் முன்னாடி எப்படி சொல்றது? அது அரிசியப் போட்டுட்டு வந்து வடிவு பக்கத்துல நின்னுகிச்சு. என் பக்கம் வரல.

அன்னிலருந்து மாமான்னுதான் கூப்பிடுது. கோவமெல்லாம் இல்ல சார். முன்ன விட பாசமாத்தான் இருக்குது. "மாமா, தண்ணி வேணுமா மாமா"ன்னு கேக்குது. நான் திரும்பாம இருந்து பாத்தேன், நைனான்னு கூப்பிட்டாதான் திரும்புவேன்னு. அது சொம்ப பக்கத்துல வெச்சுட்டுப் போய்டுச்சு. ஒரு நாளு, "மாமா, எங்க நைனா கடைசியா இன்னா சொன்னாரு?"ன்னு கேட்டுச்சு. எங்க நைனாவாம். ஒண்ணும் சொல்லல கண்ணு, பொகைன்னேன்.

அவன் சொன்னான். அதையும் உங்ககிட்ட சொல்லிடறேன்.

நான் பெல்ட்டக் கழட்டி எழுந்ததப் பாத்துட்டு, "மச்சான், உன்னுது எப்படிக் கழண்டுச்சு?"ன்னு கேட்டான். ரெண்டு கையும் மடில வெச்சுகினு, பெல்ட்டத் தொடாம கேட்டான். நான் குனிஞ்சு அந்த மூடியத் தூக்கினா போதும். என் கை அதுக்கு மேலதான் இருந்துச்சு. நான் அவன் காதுகிட்ட போய், "அந்தப் பொண்ணு கழட்டி உட்டுச்சு மாப்ள. இதோ பின்னால வருது, உனக்கும் வந்து கழட்டும். கை வெக்காம இரு"ன்னேன்.

பின்னால யாரும் வரல சார்.

அவன் தலைய ஆட்டினான். சொக்கா பைலருந்து அந்த காயிதப் பொட்டலத்த எடுத்து என் கைல குடுத்தான். "செரி மச்சான், நீ முன்னாடி போ. புள்ள பயந்துகினு இருக்கும், அதுகிட்ட போ"ன்னான்.

நானா போவல, அவன்தான் போன்னான். வசந்தா செத்தன்னிக்கு நீங்களே வெச்சுக்கோங்கன்னு குடுத்ததும் அவன்தான், அன்னிக்குப் புள்ளகிட்ட போன்னு அனுப்பி வெச்சதும் அவன்தான். ரெண்டு வாட்டியும் அவனாதான் குடுத்தான், நான் புடுங்கல. வாசல்ல செருப்பு சத்தம் கேக்குது, வடிவு வந்துட்டா போல. எழுதறத எழுதி முடிச்சுடுங்க சார். அந்தப் பொண்ணு உங்களுக்கு இன்னா ஆவணும்னு கேட்டீங்களே, அந்த எடத்துல மட்டும் நான் அதுக்கு நைனான்னு எழுதிக்கோங்க.